டிரிக் போதாது

பழவேற்காடு ஏரிக்கரையின் மீனவக் குப்பங்களில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு எல்லாத் திசையிலிருந்தும் ஒரே அறிவுரைதான் வந்து சேர்கிறது. “டேட்டா சஃபிஷியன்சி கேள்வி வந்தா டிரிக்கைப் போடு. உள்ளே மாடுலஸ், ரூட் ஏதாவது இருந்தா தொடாதே, அடுத்த கேள்விக்குப் போயிடு.” பயிற்சி வகுப்பில் இதைத்தான் சொல்கிறார்கள். கைடு புத்தகமும் யூடியூப் காணொளியும் போன வருடம் தேர்வு எழுதிய அண்ணனும் இதையே சொல்கிறார்கள். நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இது தவறான அறிவுரை. தவறு என்பதோடு, ஒரு தலைமுறையின் சிந்தனைத் திறனைத் தொடக்கத்திலேயே முடக்கிப் போடும் அறிவுரை.

இதன் அடியில் இரண்டு நம்பிக்கைகள் இருக்கின்றன. இவ்வகைக் கணக்குகள் மாணவரை மடக்குவதற்காகவே வைத்த பொறிகள், அவற்றை எதிர்ப்பொறியால்தான் வெல்ல முடியும் என்பது ஒன்று. வலை இழுக்கும் வீட்டுப் பிள்ளைக்கு இந்த நுணுக்கமெல்லாம் எதற்கு, வேலை கிடைக்கும் அளவுக்கு மனப்பாடம் செய்தால் போதாதா என்பது இன்னொன்று. முதல் நம்பிக்கை கணிதப்படி பொய். இரண்டாவது நம்பிக்கை அந்தப் பிள்ளைகளுக்கும் அவர்கள் ஊருக்கும் இழைக்கும் அநீதி.

முதலில் தேர்வு என்ன கேட்கிறது என்று பார்ப்போம். யுபிஎஸ்சி முதல்நிலைத் தேர்வின் இரண்டாம் தாளை எல்லாரும் சிசாட் என்கிறோம். 2011இல் வந்த தாள் அது. 2015 முதல் 33 விழுக்காடு எடுத்தால் போதும் என்னும் தகுதித் தாளாக மாறியது. 80 கேள்விகள், 200 மதிப்பெண், இரண்டு மணி நேரம். அதன் பாடத்திட்டத்தில் டேட்டா சஃபிஷியன்சி, அதாவது தரவுப் போதுமை, எந்தத் தலைப்பின் கீழ் வருகிறது என்று கவனியுங்கள். அடிப்படை எண் கணக்கின் கீழ் அல்ல. வரைபடம், அட்டவணை ஆகியவற்றோடு சேர்ந்து, தரவுகளைப் புரிந்துகொள்ளும் பகுதியில் வருகிறது. தரம் பத்தாம் வகுப்பு என்றும் அங்கேயே எழுதியிருக்கிறது. மேலாண்மைப் படிப்புக்கான ஜிமேட் தேர்வும் 2023 நவம்பரில் வந்த புதிய வடிவத்தில் இந்தக் கேள்விகளைக் கணிதப் பகுதியிலிருந்து எடுத்துத் தரவுகளை ஆராயும் பகுதியில் வைத்துவிட்டது. கணக்குப் போடும் வேகத்தை அளப்பது இவற்றின் நோக்கம் அல்ல என்று தேர்வு நடத்துபவர்களே சொல்லிவிட்டார்கள்.

கேள்வியின் அமைப்பும் அதையே சொல்கிறது. மேலே ஒரு கேள்வி, கீழே இரண்டு கூற்றுகள். கேள்விக்கு விடை என்ன என்று யாரும் கேட்கவில்லை. விடை சொல்வதற்கு முதல் கூற்று மட்டும் போதுமா, இரண்டாவது மட்டும் போதுமா, இரண்டும் சேர்ந்தால்தான் போதுமா, சேர்ந்தும் போதாதா என்பதுதான் கேட்கப்படுவது. தெரிந்ததற்கும் தெரியாததற்கும் நடுவில் எல்லை எங்கே ஓடுகிறது என்று கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள். அந்த எல்லையை டிரிக் காட்டாது.

இனி டிரிக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம். ‘மாடுலஸ்னா மைனஸை எடுத்துடு’ என்பது முதல் பாடம். −7இன் மாடுலஸ், அதாவது மட்டு மதிப்பு, 7 என்பதுவரை இது ஓடும். எண்ணுக்குப் பதில் எழுத்து வந்ததும் கவிழும். தெரியாத எண்ணை ‘க’ என்று வைப்போம். |−க| என்ன? டிரிக் படித்த பிள்ளை மைனஸை எடுத்துவிட்டு ‘க’ என்று எழுதும். அந்த ‘க’ −4 ஆக இருந்தால்? அப்போது −க என்பது 4, அதன் மட்டு மதிப்பும் 4. பிள்ளை எழுதிய விடையோ −4. எழுத்துக்கு முன்னால் கோடு இருப்பதாலேயே அது குறை எண் ஆகிவிடாது. மட்டு மதிப்பு என்பது எண்கோட்டில் சுழியிலிருந்து உள்ள தூரம். |க − 3| என்றால் க-வுக்கும் 3-க்கும் இடையிலுள்ள தூரம். ஜெர்மானியக் கணித அறிஞர் வயர்ஷ்ட்ராஸ் 1841இல் அந்த இரண்டு செங்குத்துக் கோடுகளைப் பயன்படுத்தத் தொடங்கியது முதல் அவை சுமக்கும் பொருள் இவ்வளவுதான். தூரம் எவ்வளவு என்று சொல்லும், எந்தப் பக்கம் என்று சொல்லாது.

‘ரூட்டும் ஸ்கொயரும் கேன்சல்’ என்பது அடுத்த பாடம். 12ஆம் நூற்றாண்டில் பாஸ்கராச்சாரியார் எழுதிய ‘பீஜகணிதம்’ இதைவிடத் தெளிவாக இருந்தது. மிகை எண்ணின் வர்க்கமும் குறை எண்ணின் வர்க்கமும் மிகை எண்ணே, ஆகவே ஒரு மிகை எண்ணுக்கு இரண்டு வர்க்கமூலங்கள் உண்டு என்று அவர் வகுத்துவைத்தார். இன்று நாம் எழுதும் √ குறி அந்த இரண்டில் குறை எண் அல்லாததை மட்டுமே குறிக்கும் என்பது பின்னால் ஏற்பட்ட உடன்பாடு. எனவே √9 என்பது 3 மட்டுமே. √(க²) என்பது ‘க’ அல்ல, |க|. இந்த ஒரு வரி புரிந்தால் பாதிக் கணக்குகள் விழும். புரியாவிட்டால் நூறு டிரிக் இருந்தும் பயனில்லை.

அதே நூலில் ஒரு குரங்குக் கணக்கு உண்டு. ஒரு கூட்டத்தின் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றைக் கழித்து, வந்ததை வர்க்கமாக்கினால் எத்தனையோ அத்தனை குரங்குகள் குகைக்குள் போய்விட்டன. ஒன்று மட்டும் கிளையில் தெரிகிறது. மொத்தம் எத்தனை? சமன்பாடு 50 என்றும் சொல்கிறது, 5 என்றும் சொல்கிறது. ஐந்து என்றால் அதன் ஐந்தில் ஒரு பங்கு 1, மூன்றைக் கழித்தால் −2. குறை எண்ணிக்கையில் குரங்குகளை உலகம் ஏற்காது என்று சொல்லி பாஸ்கரர் ஐந்தைத் தள்ளிவிடுகிறார். இங்கே நடந்தது என்ன? சமன்பாடு மட்டும் போதவில்லை. ‘எண்ணிக்கை குறை எண் ஆகாது’ என்ற இன்னொரு தகவல் சேர்ந்ததும் போதுமானதாயிற்று. தரவுப் போதுமை என்பது இதுதான். ஏறக்குறைய 900 ஆண்டுகளுக்கு முன்பே நம் நாட்டில் பேசப்பட்ட விஷயத்தைத்தான் இன்று ‘பிள்ளைகளைக் குழப்பும் வெளிநாட்டுப் பொறி’ என்கிறார்கள்.

ஒரு கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். க என்பது 3-ஐ விடச் சிறியதா? முதல் கூற்று: √((க − 3)²) = 3 − க. இரண்டாம் கூற்று: |க| < 3.

கேன்சல் டிரிக் படித்த பிள்ளை இடப்பக்கத்தை க − 3 என்று சுருக்கும். க − 3 = 3 − க என்று வரும். க = 3 என்று முடிக்கும். 3 என்பது 3-ஐ விடச் சிறியதல்ல, ஆகவே ‘இல்லை’ என்று உறுதியாகச் சொல்லலாம், முதல் கூற்று போதும் என்று குறிக்கும். தவறு. கொஞ்சம் கூடுதலாகப் படித்த பிள்ளை இடப்பக்கம் |க − 3| என்று அறியும். அது 3 − க-வுக்குச் சமம் என்றால் க − 3 குறை எண், ஆகவே க < 3, முதல் கூற்று போதும் என்று குறிக்கும். இதுவும் தவறு. தூரம் என்று யோசிக்கும் பிள்ளை மட்டும் ஒரு கணம் நின்று, ‘தூரம் சுழியாக இருந்தால்?’ என்று கேட்கும். க = 3 என்று வைத்தால் இரு பக்கமும் சுழி, கூற்று மெய்யாகிறது. ஆக முதல் கூற்று சொல்வது க ≤ 3 என்பதை மட்டுமே. 3-ஆகவும் இருக்கலாம், 2-ஆகவும் இருக்கலாம். போதாது. இரண்டாம் கூற்றோ −3-க்கும் 3-க்கும் இடையில் க-வை அடைத்துவிடுகிறது. அது மட்டுமே போதும்.

முதல் இரண்டு பிள்ளைகளும் ஒரே தவறான விடையைத்தான் குறித்தார்கள், வேறு வேறு வழியில் வந்து. டிரிக்குகளைக் கூட்டிக்கொண்டே போனால் விடை சரியாகிவிடும் என்ற கனவு இங்கே உடைகிறது.

‘நம்பர் போட்டுப் பார்’ என்பது மூன்றாவது பாடம். க என்பது ச-வை விடப் பெரியதா? க² > ச² என்று கொடுத்திருக்கிறது. பிள்ளை 3, 2 என்று போடுகிறது, ஆம். 5, 1 என்று போடுகிறது, ஆம். 10, 4, அதற்கும் ஆம். போதும் என்று குறித்துவிடுகிறது. −3, 2 என்று போட்டிருந்தால் 9 > 4 மெய், ஆனால் −3 > 2 பொய். எண்களைப் போட்டுப் பார்ப்பதால் ‘போதாது’ என்பதை நிறுவலாம், மாறுபட்ட இரண்டு விடைகள் கிடைத்தால் வேலை முடிந்தது. ‘போதும்’ என்பதை அப்படி நிறுவ முடியாது, ஏனென்றால் போடாமல் விட்ட எண்கள் முடிவில்லாமல் கிடக்கின்றன. அதற்குக் காரணம் சொல்லியாக வேண்டும். அதே கேள்விக்கு √க > √ச என்று கொடுத்திருந்தால் நிலைமை மாறுகிறது. மெய்யெண்களில் வர்க்கமூலம் எழுத முடிகிறது என்பதே க-வும் ச-வும் குறை எண்கள் அல்ல என்று சொல்லிவிடுகிறது. அந்தத் தகவல் கூற்றில் எழுத்தாக இல்லை, குறிக்குள்ளேயே இருக்கிறது. எனவே போதும். வர்க்கம் ஒரு செய்தியை அழிக்கிறது, வர்க்கமூலக் குறி ஒரு செய்தியைச் சேர்க்கிறது. இதைப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு நம்பர் போடும் வேலையே மிச்சம்.

‘தெரியாதது ரெண்டு இருந்தா சமன்பாடு ரெண்டு வேணும்’ என்பது நான்காவது. √(க − 3) + |ச + 2| = 0 என்று ஒரே ஒரு சமன்பாடு கொடுத்து, க + ச என்ன என்று கேட்டால் டிரிக் ‘போதாது’ என்று சொல்லும். வர்க்கமூலமும் சரி, தூரமும் சரி, சுழிக்குக் கீழே போகாது. கீழே போகாத இரண்டு எண்களின் கூட்டல் சுழி என்றால் இரண்டும் சுழியாகத்தான் இருக்க வேண்டும். க = 3, ச = −2, கூட்டினால் 1. ஒரு சமன்பாடே போதும். மறுபக்கம், |க| = 5 என்றும் க² = 25 என்றும் இரண்டு சமன்பாடுகள் கொடுத்தாலும் க என்ன என்று சொல்ல முடியாது, இரண்டும் ஒரே செய்தியை இரண்டு உடையில் சொல்கின்றன. சமன்பாடுகளை எண்ணிப் பயனில்லை, அவை என்ன சொல்கின்றன என்று கேட்க வேண்டும்.

‘ரெண்டு விடை வந்தா போதாது’ என்பதும் இப்படித்தான். |க| என்ன என்ற கேள்விக்கு க² = 49 என்று கொடுத்தால் க-வுக்கு இரண்டு மதிப்புகள் உண்டு, ஆனால் கேட்டது க அல்ல. |க| என்பது 7, ஒரே விடை. போதும்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் நேரம். 80 கேள்விக்கு 120 நிமிடம், ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிடம். விடியுமுன் அப்பாவோடு ஏரிக்குப் போய்விட்டு வந்து படிக்கும் பிள்ளைக்கு ஆற அமரச் சிந்திக்க நேரம் ஏது என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. மேலே உள்ள கணக்குகளைத் திரும்பப் பாருங்கள், எதிலும் நீளமான கணக்கீடு கிடையாது. பொருள் புரிந்தவருக்கு ஒவ்வொன்றும் அரை நிமிட வேலை. நேரத்தைத் தின்பது நம்பர் போட்டுப் பார்க்கும் டிரிக்தான். அதோடு, சிசாட்டில் சரியான விடைக்கு இரண்டரை மதிப்பெண், தவறானதற்கு அதில் மூன்றில் ஒரு பங்கு பிடித்தம். அரைகுறை டிரிக் தரும் தன்னம்பிக்கை அங்கே நேரடி நட்டம். அந்தத் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே அச்சாகிறது, தமிழ்வழியில் படித்த பிள்ளைக்கு அதுவே ஒரு சுமை. அந்தச் சுமையோடு போகும் பிள்ளைக்கு மட்டுக் குறியும் வர்க்கமூலக் குறியும் எந்த மொழியையும் சேராதவை என்பது பெரிய ஆறுதல். அவற்றைத் தமிழில் ஆழமாகப் புரிந்துகொண்டால் எந்த மொழித் தாளிலும் அவை அதே பொருளைத்தான் தரும். அப்படிப்பட்ட கேள்வியைத்தான் ‘தொடாதே’ என்கிறோம்.

இனி இரண்டாவது நம்பிக்கைக்கு வருவோம். மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு இது எதற்கு? இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பழவேற்காட்டைப் பார்த்ததில்லை, அல்லது பார்த்தும் கவனித்ததில்லை.

சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இது. ஆரணி ஆறும் காளங்கியும் மழைநீரைக் கொண்டுவருகின்றன, முகத்துவாரம் வழியே கடல்நீர் ஏறி இறங்குகிறது. முகத்துவாரத்தில் நீரோட்டம் எவ்வளவு வேகம் என்று மட்டும் ஒருவர் சொன்னால் அது யாருக்கும் உதவாது. கடல் உள்ளே ஏறுகிறதா, ஏரி வெளியே வடிகிறதா என்று தெரிந்தால்தான் வலை எந்தப் பக்கம் பார்த்து நிற்க வேண்டும் என்று தெரியும். வேகம் என்பது திசைவேகத்தின் மட்டு மதிப்பு. அந்த எண் ஏன் போதாது என்று இந்த ஊர்ப் பிள்ளைக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாடு முறையையும் பாருங்கள். ஏரியின் மீன்பிடி இடங்களைச் சீட்டுப் போட்டும் முறை வைத்தும் பங்கிட்டுக்கொள்ளும் மரபு அது. சுழற்சியின் வரிசை மட்டும் தெரிந்தால் இன்று யாருடைய முறை என்று சொல்ல முடியாது. வரிசையும் தெரிந்து, தொடங்கிய நாள் யாருடையது என்றும் தெரிந்தால் எந்த நாளுக்கும் சொல்லலாம். இரண்டு கூற்றும் சேர்ந்தால்தான் போதும் என்ற விடையை இங்கே பெரியவர்கள் தேர்வு எழுதாமலேயே சொல்வார்கள்.

படகையே கணக்காக்கலாம். கலங்கரை விளக்கம் சுழி, வடக்கு மிகை, தெற்கு குறை என்று வைப்போம். கரையை ஒட்டிய நேர்க்கோட்டில் ஒரு படகு இருக்கிறது. அது கலங்கரை விளக்கத்துக்கு வடக்கே இருக்கிறதா? வடக்கே 2 கிலோமீட்டரிலுள்ள மிதவையிலிருந்து படகு 5 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது என்பது முதல் கூற்று. 7 அல்லது −3, போதாது. தெற்கே 1 கிலோமீட்டரிலுள்ள மிதவையிலிருந்து 2 கிலோமீட்டர் என்பது இரண்டாவது. 1 அல்லது −3, இதுவும் போதாது. சேர்த்தால் பொதுவாக நிற்பது −3 மட்டும். படகு தெற்கே இருக்கிறது. கேள்விக்கு விடை ‘இல்லை’. உறுதியான ‘இல்லை’யும் விடைதான், ஆகவே இரண்டும் சேர்ந்தால் போதும். ‘இல்லை’ என்று வந்தாலே ‘போதாது’ என்று குறிக்கும் பிள்ளைகள் ஏராளம். இந்தக் கணக்கைப் படகாகச் சொன்னால் அந்தக் குழப்பமே எழாது.

ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்னும் கடல்சார் தகவல் மையம் மீனவர்களுக்கு அலை முன்னறிவிப்பு தருகிறது. அதில் வரும் அலை உயரம் என்ற எண்ணே ஒரு வர்க்கமூலம்தான். நீர்மட்டம் சராசரிக்கு மேலும் கீழும் போய்வருவதால் ஏற்ற இறக்கங்களை அப்படியே கூட்டினால் சுழிதான் மிஞ்சும். அதனால் ஒவ்வொரு விலக்கத்தையும் வர்க்கமாக்கி, சராசரி கண்டு, அதன் வர்க்கமூலத்தை நான்கால் பெருக்கிச் சொல்கிறார்கள். வர்க்கமாக்கும்போது மேலா கீழா என்ற குறி போய்விடுகிறது. அலை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதும் இந்த எண்ணில் இல்லை, அதைத் தனியாகத் தருகிறார்கள். 2 மீட்டர் என்று அறிவித்த நாளில் தனியொரு அலை ஏறக்குறைய அதன் இரு மடங்கு எழவும் கூடும். ‘இன்று 3 மீட்டர் அலை வராது’ என்று முடிவுகட்ட அந்த ஓர் எண் போதாது. வர்க்கமூலம் எதை வைத்துக்கொள்கிறது, எதை விட்டுவிடுகிறது என்று தெரியாமல் இந்த அறிவிப்பைப் படிப்பது ஆபத்து. இதையா இந்தப் பிள்ளைகளுக்கு வேண்டாத பாடம் என்கிறோம்?

இன்னொன்று, கரையைப் பற்றியது. நம் கடற்கரையில் மணல் ஆண்டுக் கணக்கில் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் எழுந்ததும் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் அரித்தது. பின்னர் எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்கள் வந்தன. அவற்றுக்கு வடக்கே இருக்கும் ஊர் பழவேற்காடு. கரை இத்தனை மீட்டர் நகர்ந்தது என்று ஓர் அறிக்கை சொன்னால், எந்தப் பக்கம் என்று கேட்கத் தெரிய வேண்டும். சராசரி மாற்றம் சுழி என்று சொன்னால், ஓரிடத்தில் 10 மீட்டர் வளர்ந்து இன்னோரிடத்தில் 10 மீட்டர் அழிந்தாலும் சராசரி சுழிதானே என்று கேட்கத் தெரிய வேண்டும். கருத்துக்கேட்புக் கூட்டத்தில் எழுந்து நின்று “ஐயா, நீங்கள் கொடுத்த தகவல் இந்த முடிவுக்குப் போதாது, இன்னின்ன தகவல் வேண்டும்” என்று சொல்லும் திறமை தரவுப் போதுமைக் கணக்கில் பழகும் அதே திறமைதான். அதை மீனவர் குடியிருப்புகளிலிருந்து விலக்கி வைப்பவர்கள், தெரிந்தோ தெரியாமலோ, அந்த ஊரின் வாயை அடைக்கிறார்கள்.

ஆகவே ஆசிரியர்களிடமும் மாலை வகுப்பு எடுக்கும் இளைஞர்களிடமும் நான் கேட்பது இதைத்தான். டிரிக் அட்டவணையைக் கீழே வையுங்கள். மட்டு மதிப்பைத் தூரம் என்று சொல்லிக்கொடுங்கள், மைனஸ் நீக்கும் கருவி என்று சொல்லாதீர்கள். √(க²) = |க| என்பதைக் காரணத்தோடு நிறுவிக் காட்டுங்கள். ஒவ்வொரு கணக்கிலும் விடை கேட்பதற்கு முன் ‘இது போதுமா?’ என்று கேளுங்கள். ‘போதாது’ என்று சொல்லும் பிள்ளை இரண்டு மாறுபட்ட விடைகளைக் காட்டட்டும். ‘போதும்’ என்று சொல்லும் பிள்ளை வேறு விடை ஏன் வர முடியாது என்று விளக்கட்டும். இரண்டில் ஒன்றைச் செய்ய முடியாதவரை விடையைக் குறிக்க விடாதீர்கள். இப்படிப் பழகிய பிள்ளை மாடுலஸையும் ரூட்டையும் கண்டு அடுத்த கேள்விக்கு ஓடாது. தேர்வறையிலும் சரி, ஊர்க்கூட்டத்திலும் சரி, தகவல் போதாத முடிவுக்குத் தலையாட்டவும் செய்யாது.